மழை பெய்ததா?

அந்தோஃபகஸ்தாவில் மழை ஒரு வதந்தி.
இருந்தும், மூன்றாம் மாடி இன்குபேட்டரைத் திறந்த இரவில்
படியேறி வந்த காவலாளி எலெயுத்தேரியோ
மூக்கை உயர்த்திக் கேட்டார்:
மழை பெய்ததா?

இல்லை. தட்டு நாற்பத்தொன்று.
பாலைவனத்தில் முழங்கை ஆழம் தோண்டி எடுத்த மண்ணிலிருந்து
சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல் வளர்ந்த ஒரு பாக்டீரியா
நனைந்த நிலத்தின் வாசனையைத்
தன்பாட்டுக்கு விட்டுக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டு மரபணுக்கள் அதற்குள்
வரிசையாய் உட்கார்ந்திருந்தன, சும்மா.
சர்க்கரையை மாற்றினோம். உப்பை மாற்றினோம்.
பட்டினி போட்டோம்.
பகைக் கிருமியைப் பக்கத்தில் குடிவைத்தோம்.
இரண்டு வருடம்.
அதற்குச் சோறு காய்ச்சுகிறவள் நான்,
எனக்குத் தெரியும் எத்தனை குடுவை என்று.

பிறகு ரொசியோ மமானி,
கைக்குழந்தைக்காரி, தூக்கம் பற்றாத கண்,
வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு மரபணுவை வெட்டி எறிந்தாள்.
வேறொரு கிருமியிடம் கடன் வாங்கிய,
நிறுத்தத் தெரியாத தொடக்கம் ஒன்றை
முப்பத்தெட்டின் தலைமாட்டில் ஒட்டினாள்.
ஏழாம் நாள் தட்டு சிவந்தது.
எட்டாம் நாள் செத்தது:
தன் நஞ்சைத் தானே குடித்திருந்தது.

செத்ததைப் பார்த்து அவள் சிரித்தாள்.

நஞ்சை வெளியே இறைக்க ஒரு பம்பையும் சேர்த்துத் தைத்தோம்.
பதினாறு லிட்டர் குழம்புக்கு இரண்டு மில்லிகிராம்,
நகக்கண்ணில் ஒட்டினால் தொலைந்துபோகும் அளவு.
மூத்திரப்பைப் புற்றின் செல்கள் அதில் சுருண்டன.
நல்ல சிறுநீரகச் செல்களும் சுருண்டன.
எனவே குளோரின் கோக்கும் நொதியைக் கழற்றி
மறுபடி வளர்த்தோம்.
கருவியின் திரையில் புதிதாய் ஒரு முகடு,
எந்த மண்ணும் இதுவரை செய்து நாங்கள் கண்டிராதது.
இதை இயற்கைப் பொருள் என்று எழுதுவதா?
படிவத்தில் ஒரு கட்டம் காலியாகவே கிடக்கிறது.

அறுபதுகளில் இந்த ஊர்க் குழாயில்
மலையிலிருந்து ஆற்றுநீர் வந்தது. தெளிவான தண்ணீர்.
ஆர்செனிக்குக்கு நிறமும் இல்லை ருசியும் இல்லை.
அதைக் குடித்து வளர்ந்தவர் எலெயுத்தேரியோ.
மூத்திரப்பை இருந்த இடத்தில் தையல்,
சீருடைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை,
நான்கு மணிக்கொரு தரம் காலி செய்வார்.

எனக்கா இது? என்றார், தட்டைக் காட்டி.
இல்லை. எலிகூட இன்னும் பார்க்கவில்லை.
எத்தனை வருடம்?
தெரியாது. பெரும்பாலும் ஒன்றுமே ஆகாது.
தலையாட்டினார், சம்பளத் தேதி தள்ளிப்போனதைக் கேட்டவர் போல.

அடுத்த திருத்தத்தில் ரொசியோ வாசனையையும் வெட்டுகிறாள்.
வீண் செலவாம்; அந்தக் கரியும்
மருந்துக்கே போகட்டுமாம். கணக்கு சரிதான்.
அவரிடம் சொன்னேன்.
வெட்டட்டும், என்றார்,
ஒரு பழைய தட்டு மட்டும் விட்டுவை.

பழையது எப்போதும் இருக்கும்,
மைனஸ் எண்பதில், பெயர் ஒட்டிய குப்பியில்.
உறைந்ததற்கு வாசனை கிடையாது.

கதவைச் சாத்தப் போனேன்.
கொஞ்சம் இரு, என்றார்.