சோலாங்கின் புதுக் கரண்டி

எனக்கென்றே வாங்கியிருந்தாள் அந்த மரக்கரண்டியை.
விலைச்சீட்டு இன்னும் கைப்பிடியில் இருந்தது.
பழைய கரண்டியின் விரிசல்களில்
இருபது வருடத்துக் கோதுமை தூங்குகிறதாம்,
எங்கோ படித்திருக்கிறாள்.

மேடையை மூன்று முறை துடைத்தாள்.
மாட்டிறைச்சியை மாவில் புரட்டவில்லை.
உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சைக் கரைத்து ஊற்றிக்
குழம்பைக் கெட்டியாக்கினாள்.
ரொட்டிக்கூடையைத்
தொத்துவியாதிக்காரனை நகர்த்துவதுபோல்
மேசையின் மறுகோடிக்குத் தள்ளினாள்.
"ஒரு துகள்கூட இல்லை, ஓடில்.
தைரியமாகச் சாப்பிடு."

சாப்பிட்டேன்.
எட்டு வருடங்களில்
அடுத்தவர் வீட்டுச் சட்டியிலிருந்து
கேள்வி கேட்காமல் சாப்பிட்ட
முதல் சாப்பாடு அது.

நான்காவது வாயில்
காது மடல்கள் சுட்டன.
பிறகு கழுத்து.
பிறகு, உள்ளே யாரோ
மூக்கின் இரண்டு கதவுகளையும் சாத்தினார்கள்.
நெஞ்சின் மேல்
சின்னச் சின்னத் தீவுகளாய்ச் சிவப்பு எழும்பியது.

குளியலறைக் கண்ணாடியிடம் விசாரித்தேன்.
இது கோதுமை இல்லை.
கோதுமையின் நடை எனக்குத் தெரியும்:
அது மறுநாள் வரும்,
வயிற்றின் வழியாக வரும்,
வந்தால் ஒரு வாரம் தங்கும்.
இது கதவைத் தட்டவே இல்லையே.

பீப்பாய் விளிம்பை
மாவுப் பசையால் அடைப்பார்கள் என்று
யாரோ சொன்னது நினைவு வந்தது.
போன வருடமே கேட்டிருந்தேன் கயெத்தானிடம்.
"எங்கள் பீப்பாய்க்கு மெழுகுதான்" என்று
நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருந்தான்.
அவன் பிழிந்த திராட்சை,
அவன் நிலவறையில் தூங்கிய திராட்சை,
ஒரு முழுப் புட்டி அந்தச் சட்டியில்.
"மூன்று மணி நேரம் கொதித்தது,
எல்லாம் ஆவியாகியிருக்கும்" என்பாள் சோலாங்.
எது ஆவியாகிறது, எது அடியில் தங்குகிறது
என்று என் தோல்தான் பிரித்துச் சொல்கிறது.
மருத்துவரிடம் போனால் இரண்டு பெயர் சொல்வார்,
இரண்டின் பின்னும் ஒரு கேள்விக்குறி போடுவார்.

அரிசி உண்டு எனக்கு. சோளம் உண்டு.
நண்பர்கள் உண்டு, ஓரளவு.
இந்த ஊரில் போய்
ஒயினும் ஆகாது என்று எப்படிச் சொல்வது?
பூர்கோஞில் மழை ஆகாது என்றால்கூட
குடை கொடுப்பார்கள்.

வெளியே வந்தேன்.
கூடத்து இருட்டில் கயெத்தான் நின்றிருந்தான்.
சட்டைப்பையிலிருந்து அலுமினியத் தாள் ஒன்று.
அதில் பாதியாய் உடைத்த மாத்திரை.
மற்ற பாதி எங்கே என்று
அவன் காதுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.
அந்த விளக்கிலும் அவை
பழுத்த செர்ரி.

ருசி பார்க்கும்போதெல்லாம் இவன் துப்புவதைத்
தொழில் ஒழுக்கம் என்றல்லவா
ஊரே மெச்சிக்கொண்டிருக்கிறது.
தட்டில் கறித்துண்டுகளைக் கரையேற்றிவிட்டுக்
குழம்பை மட்டும் ஒதுக்குவதை
நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

"அவளுக்கு?"
தலையை ஆட்டினான், இல்லை என்று.
"அப்பாவுக்கு?"
சிரித்தான். சிரிப்பா அது.

மேசைக்குத் திரும்பினோம், தனித்தனியாக.
"வயிறு சரியாக இருக்கிறதா?" என்றாள் சோலாங்.
பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் முகம்.
"மாவு இல்லை, சோலாங்.
ஒரு துகள்கூட இல்லை" என்றேன்.
சத்தியம்தான், ஒவ்வொரு எழுத்தும்.
கண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.
இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

பாஸ்தியன் காரைச் சூடாக்கும் வரை
நான் பாத்திரம் கழுவினேன்.
விலைச்சீட்டை நகத்தால் உரித்தேன்.
ஒட்டுப் பசை போகவில்லை.
வெந்நீரில் எவ்வளவு தேய்த்தும்
ஒரே ஒரு மாலையில் அந்தப் புதுக் கரண்டிக்கு
வாய் ஊதாவாகியிருந்தது.