டெஸ்ட்-2

சனிக்கிழமை இரவு பத்தே முக்கால்.
லெபோ பந்தாய், மூன்றாவது மாடி.
அண்ணனின் பழைய ஜாக்கெட்டுக்குள்
பதினெட்டு டிகிரியில்
தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய சர்வருக்கு வயது ஒன்பது.
விசிறி ஒன்று செத்துவிட்டது,
மற்ற ஐந்தும் அதற்கும் சேர்த்து அலறுகின்றன.
புதியது அடுத்த தட்டில்,
முகப்பின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்,
முதல் நாள் விருந்துக்கு வந்த
மருமகன் மாதிரி அமைதியாக.

உள்ளே பதினொரு கணினிகள்.
ஒன்றுக்கும் உடம்பில்லை.
கணக்கு, சம்பளம், சரக்குப் பட்டியல்,
சுங்கத்துக்குப் போகும் படிவம்.
ஒவ்வொன்றும் தன்னைத் தனி இரும்பென்று
நம்பிக்கொண்டிருக்கிறது.
எனக்கு முன்னால் இங்கிருந்த சூன் கியாட்
பழைய ஃபெர்ரிகளின் பெயரை வைத்திருந்தான்:
ரிமாவ், உண்டான், தாலாங் தாலாங்.
பதினொன்றாவதற்குப் பெயர் தீர்ந்துபோய்
டெஸ்ட்-2.

கூடு விட்டுக் கூடு பாயும் கதைகளில்
என் கவலை ராஜாவைப் பற்றி இருந்ததில்லை.
கிளிக்குள் போனவன் திரும்பும்வரை
குகையில் கிடக்கும் உடம்பை
எறும்பு மொய்க்காமல் பார்த்துக்கொள்பவன்
கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டால்?
இன்றைக்கு அந்த வேலை என்னுடையது.

ரிமாவ் முதலில்.
ஓட ஓடவே அதன் நினைவை
பக்கம் பக்கமாகப் படியெடுக்கிறது கம்பி.
ரிமாவ் சும்மா இருக்குமா,
எடுத்த பக்கத்திலேயே திருத்தி எழுதுகிறது.
திருத்தியதை மறுபடி எடு.
அதற்குள் இன்னும் கொஞ்சம்.
மீதம் சுருங்கிச் சுருங்கி
ஓர் இமைப்புக்குள் அடங்கும்போது
இங்கே நிறுத்தி
அங்கே தொடங்குகிறது.
நாற்பது மில்லிசெகண்ட்.
எந்தச் சொல்லில் பாதியில் நின்றதோ
அதே சொல்லை முடிக்கிறது ரிமாவ்.

ஒன்றரை மணிக்குள் பத்து.
தாலாங் தாலாங் மட்டும் மல்லுக்கட்டியது:
சம்பளக் கணினி, மாதக் கடைசி,
எடுக்க எடுக்க எழுதித் தள்ளியது.

டெஸ்ட்-2 வர மறுத்தது.
மற்றவற்றுக்கெல்லாம் பொதுமொழி;
இதற்கு மட்டும் சூன் கியாட்
இந்தச் சிப்பின் வட்டார வழக்கை
அப்படியே பழக்கிவிட்டிருக்கிறான்.
அணைத்துத்தான் தூக்க வேண்டும்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு நாள்
கண் மூடாத ஒன்றை.
யாருடையது என்று மூன்று வாரம்
எல்லோரையும் கேட்டாயிற்று.
பெர்த்துக்குப் போய்விட்ட சூன் கியாட்டிடமிருந்து
இரண்டு நீலக் குறிகள், அவ்வளவுதான்.

அணைத்தேன்.
ஒன்றும் ஆகவில்லை.
வட்டு நகலாகத் தொடங்கியது, மெதுவாக.
காவலுக்கு இருக்கும் டெக் பகதூர்
கோப்பி ஓ ஒன்றைக் கதவருகே வைத்து
உள்ளே எட்டிப் பார்த்தார்.
"யாராவது செத்துப் போச்சா?" என்று மலாயில் கேட்டார்.
இல்லை என்று சிரித்தேன்.

நாலு இருபதுக்கு போன்.
பட்டர்வொர்த் கிடங்கு, லோரிக்கார வேலாயுதன்.
"தங்கச்சி, கேட்டு தூக்க மாட்டேங்குது.
ஆறு வருசமா நம்பர் பிளேட்டப் பாத்தாலே
சலாம் போடும். இன்னைக்கு மொறைக்குது.
பின்னால பதினாலு லோரி, மீன் ஐஸு ஒழுகுது."

ஓ.
நீதானா அது.

நகல் தொண்ணூற்றொரு சதவீதம்.
இன்னும் கால் மணி நேரம் பொறுத்தால் போதும்.
ஐஸ் பொறுக்காது.
நகலை வீசிவிட்டு
பழைய உடம்புக்குத் திரும்பினேன்.
வைத்தது வைத்தபடி இருந்தது.
ஓர் எறும்புகூட இல்லை.

ஐந்து விசிறிகளும் ஒரே மூச்சாகக் கத்த
எழுந்து உட்கார்ந்தது டெஸ்ட்-2.
போனில் ஏதோ கிறீச்சிட்டது.
பிறகு ஹார்ன், பிறகு ஹார்ன், பிறகு
வேலாயுதன் நன்றி சொல்ல மறந்து போனை வைத்தார்.

அடுத்த சனி வரை
ஒரே உயிருக்காக ஒரு முழு இரும்பு
ஓட வேண்டும். மின்சாரக் கட்டணத்தைப் பற்றி
பிரகலாதன் சார் கேட்பார், கேட்கட்டும்.

நல்ல பெயர் ஒன்று வைக்கலாமென்று
கர்சரைக் கொண்டுபோனேன்.
அந்தக் கேட்டு எந்தப் பெயர் சொல்லி
இதைக் கூப்பிடுகிறதோ.
விட்டுவிட்டேன்.

காகிதத்தில் மலாயில் ஒரு வரி எழுதி ஒட்டினேன்,
அணைக்க வேண்டாம் என்று.
அதற்குக் கீழே, எனக்காக, தமிழில்:
நாலு மணிக்கு லோரி வரும்.