நடந்தது கணக்கில் வராது

நகரியில் அப்போது மதியம் இரண்டுக்குக் கரண்ட் போகும்.
தெருவின் நாற்பது தறியும்
பேச்சைப் பாதியில் விட்ட மாதிரி நிற்கும்.
அந்த அமைதியில்தான் ஊருக்கு முதன்முதலாகக் கேட்டது
இவருடைய மட்டை.

எறிந்தவள் நான்.
தார் சுற்றுகிற தோள், வலித்தாலும் சொல்லாது.
கழிவு நூலை ரப்பர் உருண்டையில் இறுக்கிச் சுற்றி
செருப்புக்காரரிடம் வாங்கிய தோலில் தைத்து
வாரத்துக்கு ஆறு பந்து.
மூன்று கிணற்றுக்கு.
ஒன்று எதிர்வீட்டு ஓட்டுக்கு.
கல்யாணமான புதிதில் மற்ற ஜோடிகள்
புத்தூரில் சினிமா பார்த்தார்கள்.

இது கிரிக்கெட்டா என்றவர்களுக்கு
முதல் வருஷம் விளக்கம் சொன்னார்.
இரண்டாம் வருஷம் ஆமாம் என்றார்.

சென்னையில் டைல்ஸ் விற்கும் ஒருவர் குழு கட்டினார்.
மாதம் பதினெட்டாயிரம்.
அடிக்கிறதுக்கா சம்பளம் என்று
மாமனார் இரண்டு தடவை கேட்டார்.
பனியன் முதுகில் முனிரத்தினம் கொள்ளவில்லை;
‘முனி’ என்று நிறுத்திக்கொண்டார்கள்.
எல்லையில் நிற்கிற சாமி பெயர்தானே, இருக்கட்டும் என்றேன்.

அனந்தபூர் போன வேனை செக்போஸ்டில் மடக்கி
பதினொரு மட்டையைத் தரையில் அடுக்கி வைத்து
போலீஸ்காரர் கேட்டாராம்: “பந்தி ஏதிரா?”
மெட்ராஸ் பையன்கள் சாப்பாட்டைத் தேடித் திரும்பினார்கள்.
இவர் பையைக் கவிழ்த்தார்.
டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து உருண்டது
என் கோணல் தையல்.

பத்துக்கு மூன்று அடித்தால் பெரிய ஆட்டக்காரராம்.
பத்து லுங்கியில் ஏழு பழுதானால்
மேஸ்திரி என்னை வாசலோடு அனுப்புவார்.
ஏழு தடவை தலைகுனிந்து திரும்பியவர்
எட்டாவதுக்கு
இப்போதுதான் தூங்கி எழுந்தவர் போல
மட்டையைத் தூக்கிக்கொண்டு போவார்.
என்ன சாப்பிட்டால் இப்படி வரும் என்று
நான் யோசித்திருக்கிறேன்.
போட்டது நான்தான்.

கூலி நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன்:
நின்றது நானூற்றுப் பன்னிரண்டு.
அடி நூற்றுப் பத்தொன்பது.
வேலி தாண்டியது பதினாறு.
இன்னும் ஐந்து அடித்திருந்தால்
பத்துக்கு மூன்று.
அந்த ஐந்தை இரவில் தேடுவார்,
விட்டத்தைப் பார்த்தபடி,
ஊர் ஊராக.

மூன்றாம் வருஷம் ஐதராபாத்காரன் பந்து
மணிக்கட்டில் இறங்கியது.
புத்தூரில் வரிசையில் உட்கார்ந்தோம்.
முட்டை வெள்ளை, பச்சிலை, மூங்கில் பத்தை.
என்ன வேலை என்றார் கட்டுப் போடுகிறவர்.
அடிக்கிற வேலை என்றார் இவர்.
துணி சுற்றிய கை நின்றது:
“போலீஸா?”

மூன்று கட்டில் எலும்பு சேர்ந்தது,
ஓர் இழை பிசகி.
தறியில் அப்படி விழுந்தால்
துணி விற்கும், முழு விலைக்குப் போகாது.

டைல்ஸ்காரரின் இரண்டு செக் திரும்பி வந்தன.
கடைசி ஆட்டம் திருப்பதியில்.
அன்றுதான் நான் முதல் தடவை போனேன்,
எறிய அல்ல, பார்க்க.
எட்டிப்போன பந்து. விட்டார்.
மண்ணில் விழுந்தது. விட்டார்.
அடி, அடி என்று ஒரு கூட்டம் கத்த
மூன்றாவதையும் விட்டார்.
நாலாவது தோளுக்கு மேலே வந்தது.
என் கை மடியிலேயே ஒரு தரம் திரும்பியது.
இவர் அசையவில்லை.
மட்டையை, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி
கீழே வைத்துவிட்டு
முதல் மூலைக்கு நடந்தார்.
அடுத்தவன் அவுட்.
அங்கேயே நின்றபடி ஆட்டம் முடிந்தது.

கணக்கெழுதும் பையனிடம் கேட்டேன், இதை எங்கே எழுதுவாய்?
“அது நடந்தது, அக்கா.
நடந்தது அடிக்கணக்கில் வராது.”

நானூற்றுப் பன்னிரண்டு அப்படியே இருக்கிறது.
பக்கத்தில் பென்சிலால் ஒரு ‘ந’.

இப்போது மதியத்தில் கரண்ட் போவதில்லை.
ஆறு தறி இவர் பார்க்கிறார், நாலு நான்.
சத்தத்துக்கு நடுவே சில சமயம்
வலது கையை மடக்கி விரித்துப் பார்ப்பார்.
நான் பார்க்காத மாதிரி
நூலைச் சுற்றிக்கொண்டிருப்பேன்,
கொஞ்சம் உருண்டையாக.