ஒன்று புள்ளி மூன்று ஹெர்ட்ஸ்

லியேஜில் பகல் எங்களுக்கு ஆகாது.
சரிவில் லாரிகள், மியூஸ் நதியில் சரக்குப் படகுகள்.
மாடியில் எவரேனும் கதவை அறைந்து சாத்தினால்
திரையில் ஒரு குன்று முளைக்கும்.
ஆகவே இரவு இரண்டு மணி.

ரப்பர் வடங்களில் தொங்குகிறது கண்ணாடி,
எடையே இல்லாததுபோல் பாவனை செய்துகொண்டு.
தேன்மெழுகை உருட்டி
அதன் முதுகில் உணரியை ஒட்டுகிறேன்.
எங்களுக்கு அனுமதித்த ஆட்டம் எட்டு நானோமீட்டர்:
எட்டு நொடியில்
என் நகம் வளரும் தூரம்.

விண்கலத்தைத் திருப்ப நான்கு சக்கரங்கள்.
பார்க்க வேண்டிய பக்கம் திருப்புவதும் அவைதாம்,
பார்வையைக் கலைப்பதும் அவைதாம்.
நிமிடத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூற்றிருபது சுற்றில்
முதல் சக்கரம்
கண்ணாடியின் இடக்காலை முனகவைக்கிறது.
அதிர்வைத் தடுக்க முடியாது.
வேறிடம் காட்டலாம்:
பிசின் மெத்தைமேல் ஒரு டங்ஸ்டன் குண்டு,
எலுமிச்சை அளவு.
இனி அது ஆடும்.
நாற்பத்தேழு ஹெர்ட்ஸில் நின்ற கோபுரம்
திண்டாகி, தரையாகிவிட்டது.

ஆனால் இடது ஓரத்தில் இன்னும் ஒன்று.
சின்னது. ஒன்று புள்ளி மூன்று.
பம்பை நிறுத்தினோம். இருந்தது.
குளிர்காற்றை நிறுத்தினோம். இருந்தது.
விளக்கைக்கூட அணைத்தேன், வெட்கமாகத்தான் இருந்தது.
வடங்களின் ஊசலா? இல்லை, அது புள்ளி ஆறு.

"ரெமாக்ல், கேபிள் எங்கே?"
"என் கையில். தொய்ந்து இழுக்கிறது,
ஒரு மணி நேரமாய்த் தாங்கிக்கொண்டிருக்கிறேன்."
"விடு."
படுத்துவிட்டது.
"பிடி."
எழுந்தது.

அறைக்குள் வெள்ளை அங்கியில் அவன்,
கண்கள் மட்டும் வெளியே.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
திரையில் அது மெல்ல வலப்பக்கம் நடந்தது,
ஒன்று புள்ளி நான்கு,
ஐந்து.

"சரியாக இருக்கிறதா?" என்றான்.
அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை.
பன்னிரண்டு வருடமாய்
போல்ட் முறுக்கத்தின் அளவுகளைத் தவிர
எங்களுக்குள் வேறு பேச்சில்லை.

"முதலில் எழுபத்தெட்டு," என்றேன்.
"உனக்கு டாம்பர் வேண்டியதில்லை."

கேபிளை நூலில் கட்டி
உத்தரத்தில் தொங்கவிட்டான்.
அறிக்கையில் எழுதினேன்:
மூலம், ஆள். நீக்கப்பட்டது.

மூன்று நாற்பது.
முதல் லாரி ஏறுவதற்குள்
இரண்டாம் சக்கரம்.