ஆறு எழுத்து

தெஃபோர்ஜ் தெருவில் என் கடை.
பல் வைத்தியருக்கும் பந்தயச் சீட்டு விற்பவனுக்கும் நடுவே
நாலு முழ அகலம்.
மோதிரத்தில் பெயர் வெட்டுவேன்,
கல்லறைப் பித்தளையில் தேதி.

வியாழக்கிழமை ஒரு வெள்ளிக் கோப்பை வந்தது,
பிள்ளையைப் போல் துண்டில் சுற்றி.
"எழுத்து தேய்ந்துவிட்டது, ஆழப்படுத்துங்கள்"
என்றாள் மதாம் கெர்வெலெக்.
"கொள்ளுப்பாட்டனாருக்கும் பாட்டனாருடைய குதிரை.
தோட்டத்தில் அதற்குச் சமாதிகூட உண்டு, லிச்சி மரத்தடியில்."

விளக்கைத் தாழ்த்தினேன்.
ஷான் தெ மார்ஸ், 1829.
வெற்றி: லிந்தோர்.

எழுத்தின் வளைவு பார்த்துக்கொள்ள
ஒரு நகல் கொடுத்துப் போயிருந்தாள்,
அதே வருஷத்துப் பண்ணைக் கணக்கு.
இடப்பக்கம் லாயம். பதினொரு குதிரை.
ஒவ்வொன்றுக்கும் தகப்பன் பெயர், தாய் பெயர்,
கேப்பிலிருந்து ஏற்றிய கப்பல்.
வலப்பக்கம் ஆட்கள்.

லிந்தோர் வலப்பக்கத்தில் இருந்தான்.
மொசாம்பிக். வயது பதினாலு, அல்லது பதினைந்து.
எடை எண்பத்தெட்டு ராத்தல். கடிவாளக் கை நல்லது.
தகப்பன், ஒரு கோடு. தாய், ஒரு கோடு.
மறுவருஷத்து மையில்: இடது தொடை முறிவு,
எண்பது பியாஸ்தருக்கு விற்றது.

இடப்பக்கத்தை மூன்று தடவை விரல் வைத்துப் படித்தேன்.
அந்தப் பெயரில் குதிரை இல்லை.

எனக்கு முன்னால் இதை வெட்டியவனே,
மைதானம் கத்திய பெயரைக் கேட்டு
குதிரை என்று நினைத்துக்கொண்டாயா?
நினைக்காமலே வெட்டினாயா?
காது தவறுவது எங்களுக்குப் புதிதல்ல.
ஆறுமுகம் என்று சொல்லித்தான் கப்பலிறங்கினார் எங்கள் ஆள்;
குமாஸ்தா எழுதிய அர்மூகோமாகவே
நான் வரி கட்டுகிறேன்.

இரவு பத்து மணிவரை வேலை.
ல-வின் காலில் உளி ஒருமுறை வழுக்கியது.
அதை அப்படியே விட்டேன்.

சனிக்கிழமை காலை வந்து
கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.
"கண்ணாடி இல்லாமலே படிக்க வருகிறதே!"
ஆறு எழுத்துக்குக் கூலி வாங்கிக்கொண்டேன்.
மலைக்கு இந்தப் பக்கம் முதல் பந்தயத்துச் சத்தம்.

"லிக்கு ஓடத் தெரிந்திருக்கிறது, மதாம்" என்றேன்,
கிரியோலில்.
அந்தப் பாஷையில் அவனும் லி, அதுவும் லி.
"ஆமாம், பாவம்" என்று துண்டை மடித்தாள்.

தமிழில் கேட்டிருந்தால்
வினைமுற்று வரைக்கும் வந்து
மாட்டிக்கொண்டிருப்பேன்.