பச்சை நூல்

லோஃபோட்டனில் பிப்ரவரி.
இரண்டு மலைக்கு நடுவே வெயில் எட்டிப் பார்த்து,
ஆள் இல்லை என்று போய்விடுகிற மாதம்.
கொட்டகைக்குள் தார்ப்பாய்க் கூடாரம், இரண்டு ஹீட்டர்.
குளிர்ந்தால் ரெசின் இறுகாது,
பிசுபிசுவென்று பிடிவாதம் பிடிக்கும்.

மிதந்து வந்த மரக்கட்டை என்றார் ஐவின்ட்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
படகின் அடிவயிற்றில் உள்ளங்கை அகலம் ஓட்டை.
சுற்றிலும் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன்:
டிக், டிக், டிக், டிக்,
டொப்.
டொப் என்ற இடமெல்லாம் பென்சில் வட்டம்.

அடைக்க வந்தவள் முதலில் செய்வது
ஓட்டையைப் பெரிதாக்குவதுதான்.
படகுக்காரர்கள் இதைப் பார்க்கக் கூடாது.
அவரைக் காப்பி வாங்க அனுப்பிவிட்டு
கிரைண்டரை எடுத்தேன்.
ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் சரிவு,
ஆப்பத்தின் ஓரம்போல மெலிய வேண்டும்.
கண்ணாடித் தூசி கையுறை தாண்டி மணிக்கட்டில் ஏறியது.
இன்றிரவும் தூக்கம் இல்லை.

மூன்றாம் அடுக்கில் வேறு நிறம்.
பழைய ஒட்டு. ஈரத்தின் மேலேயே பூசியிருக்கிறான் எவனோ.
குமிழ்கள். நனையாத நார்,
கருவாட்டுச் சதையாய் உரிந்து வந்தது.
எந்த மடையன், என்றேன் முகமூடிக்குள்.
வெள்ளிக்கிழமை சாயங்காலத்து வேலை, என்றேன்.
இன்னும் சிலது சொன்னேன்.

அப்போதுதான் பார்த்தேன்,
ரெசினுக்குள் ஒரு பச்சை நூல்.
இறால் மீசையளவு.

அந்தப் பச்சை எனக்குத் தெரியும்.
விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை,
இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம்,
தொட்டதிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாய் அவிழ்ந்துகொண்டிருந்தது.

பதினோரு வருஷம்
இந்த ஒட்டின் மேல் நின்று காட் மீன் இழுத்திருக்கிறார்.
அவர் மகள் துரீட் இதன் மேல் கால் நீட்டி
தூண்டில் கட்டியிருக்கிறாள்.

கிரைண்டரை அணைத்தேன்.
காதுக்குள் அது அணையவில்லை.

காப்பியோடு வந்தவரிடம் காட்டினேன்.
என் வேலை, என்றேன். தப்பான வேலை.
குனிந்தார். நூலை நகத்தால் சுரண்டினார்.
வெகுநேரம் சுரண்டினார்.
"கட்டை இல்லை," என்றார், நிமிராமலே.
"பாறை. தூங்கிப்போய்விட்டேன்."

பிறகு பேச்சில்லை.
அசிட்டோனில் துடைத்து, தராசில் அளந்து கலக்கினேன்.
அவர் துணியை வெட்டி வெட்டித் தந்தார்,
பெரியது முதலில், சிறியது பிறகு.
வெள்ளைத் துணி ரெசின் குடித்துக் கண்ணாடியாகும் அந்த நொடி
எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுத்ததில்லை.
ஒவ்வொரு குமிழையும் உருளையால் விளிம்புக்கு ஓட்டினேன்.
கையில் கையுறை, ரப்பர்.

பில்லில் என்ன எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.
கோப்பையில் மிஞ்சிய ரெசின்
தானே சூடேறிப் புகைந்தது.
வெளியே கொண்டுபோய்ப் பனியில் வைத்தேன்.
அது தனக்கென்று ஒரு குழியை உருக்கிக்கொண்டு
மெல்ல இறங்கியது.