மூன்றும் இரண்டும்

ஐந்தாவது முறையாகப்
பக்கத்தைக் கலைத்துப் போடுகிறேன்.
கீழே ஜெராக்ஸ் கடையில்
யாருடைய ஆதாரோ பச்சை வெளிச்சத்தில் நனைகிறது.
செக்காலை ரோட்டில் மத்தியானம்
ஷட்டரை முக்கால்வாசி இறக்கிக்கொண்டது.

இருதயராஜ் புதுவயல் டவுன் பஸ்ஸில் நடத்துநர்.
இரண்டு வருடமாகப் படம் எடுக்கிறார்,
கைகளை மட்டும்.
முகம் கேட்டா தலை சீவ ஆரம்பிச்சிடுறாங்க சார்,
கை அப்படியே இருக்கும் என்றார்.
கேட்டுவிட்டுத்தான் எடுப்பாராம்.
மாட்டேன் என்றவர்கள் பதினொரு பேர்,
எண்ணி வைத்திருக்கிறார்.
மாத்திரை உறையில் சுருட்டிய பென்டிரைவில்
நானூற்றுப் பன்னிரண்டு கைகள்.

முதலில் சதுரமாக வெட்டினேன்.
வரிசைக்கு நாலு, எல்லா இடைவெளியும் சமம்,
தட்டில் அறுத்து அடுக்கிய மைசூர்பாகு.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டியவர்
கட்டைவிரலைக் காணோமே என்றார்.
ஸ்ரீராம் நகரில் ஏறும் கொத்தனாரின் விரல்,
சிமெண்டு தின்று நகம் போன விரல்,
என் சதுரத்துக்கு வெளியே
படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளைப் பின்னணி வைத்தேன். கண் கூசுது.
கறுப்பு வைத்தேன். கடைசி ட்ரிப் மாதிரி இருக்கு,
யாரும் ஏற மாட்டாங்க.
சட்டைப்பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்துத்
திரையோரம் பிடித்தார்.
வியர்வையில் ஊறிக் காய்ந்து
எந்தப் பெயருக்கும் பிடிகொடுக்காத நிறம்.
ஸ்கேன் செய்து, ஒரு புள்ளியை உறிஞ்சிப்
பக்கம் முழுக்கப் பரப்பினேன்.
அன்றைக்குத்தான் படங்கள் உட்கார்ந்தன.

'கைகள்' என்று நான் வைத்த தலைப்பை
'சில்லறை' ஆக்கச் சொன்னார்.
எழுத்தை மூன்று முறை சிறிதாக்கினேன்.
படத்தின் கீழே ஆள் பெயர் வேண்டாம்,
ஏறிய ஊரும் கொடுத்த காசும் போதும்.
கோட்டையூர், ஏழு.
கண்டனூர், பத்து.
பெண்களின் கீழே மட்டும்
பூஜ்யம் பூஜ்யமாய் விழுந்தது.
ஏதோ கணக்குப் பிழை மாதிரி தெரியுது,
மறைச்சிடவா என்று கேட்டேன்.
காசு நீட்டுற கை குவிஞ்சிருக்கும் சார்,
டிக்கெட்டுக்கு மட்டும் நீட்டுற கை விரிஞ்சிருக்கும், பாருங்க.

பார்த்தேன்.
மருதாணி, தழும்பு, மிளகாய் எரிச்சலின் சிவப்பு,
பேனாவில் குறித்த போன் நம்பர்,
ரேகை முழுக்கப் பூஜ்யத்துக்கு மேலேதான் இருந்தது.

ஆனாலும் எதுவோ இடித்தது.
நாலு வரிசை பள்ளிக்கூடம்,
மூன்று வரிசை கல்யாண ஆல்பம்,
ஒற்றை வரிசை ரேஷன் கடை.
வியாழக்கிழமை அவர் வண்டியிலேயே ஏறினேன்.
இருபது ரூபாய் நீட்டினேன்.
என் கையை அவர் படம் எடுக்கவில்லை,
சில்லறை இல்லையா என்று முறைத்தார்.

கடைசி சீட்டில், மடியில் லேப்டாப் குலுங்க,
நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது:
இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் இரண்டு,
நடுவே ஒரு ஆள்
ஒருக்களித்துப் போகும் அளவு வழி.
கோட்டையூர் தாண்டுவதற்குள் எண்களை மாற்றிவிட்டேன்.
நின்று வருகிறவர்களுக்காக
நெட்டுக்குத்துப் படங்களை அந்த வழியில் நிறுத்தினேன்,
கம்பியைப் பிடித்த கைகள்.

ஒரு சங்கடம் உண்டு என்று மெல்லச் சொன்னேன்.
போனில் திறந்தால் மூன்றும் இரண்டும் நிற்காது,
எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய்த்தான் வரும்.
விசிலை ஊதிவிட்டுத் திரும்பினார்.
இறங்கும்போது அப்படித்தானே சார்.

இப்போதும் பின்வரிசை ஓரத்தில்
ஒரு கட்டம் படம் வராமல்
சாம்பலாக நிற்கிறது.
கோடில் எங்கேயோ பிழை, நாலு நாளாய்த் தேடுகிறேன்.
இருக்கட்டும் என்கிறார்,
பதினோரு பேரில் யாராவது மனசு மாறலாம்.

மேசையில் அந்த வியாழக்கிழமை டிக்கெட்.
பின்னால் நீல மையில் அவர் எழுதிய எட்டு,
இறங்கும்போது வாங்கிக்கச் சொன்ன பாக்கி.
இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.